சித்திரவீணைக்கு ஒலிபெருக்கி அமைத்தல்

சித்திரவீணைக்கு ஒலிபெருக்கி அமைத்தல் என்பது, கச்சேரி நடைபெறும் இடத்தில் உள்ள பழக்கமில்லாத பெருக்கி, மிக்ஸர், ஒலிபெருக்கிப் பெட்டி ஆகியவற்றை வாத்தியத்தின் இயல்பான நாதம் கெடாதபடி சரிசெய்துகொள்ளும் முறையாகும். சித்திரவீணை கோட்டுவாத்தியம் என்றும் அழைக்கப்படும். சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் உள்ள சபாக்களில், குறிப்பாக மார்கழி இசை விழாவின்போது, ஒரே நாளில் ஒரே மேடையில் நான்கைந்து கச்சேரிகள் அடுத்தடுத்து நடக்கும். ஒரு கச்சேரி முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் இந்த வேலையை முடித்தாக வேண்டும். இங்குக் கூறப்படும் முறை சரஸ்வதி வீணை, மின்மாண்டலின், மடிமேல் வைத்து வாசிக்கும் ஹவாயன் கிதார் ஆகியவற்றுக்கும் பெருமளவு பொருந்தும்.

வாத்தியத்தின் இயல்பு

சித்திரவீணையில் மெட்டுகள் இல்லை. வலக்கை தந்தியை மீட்ட, இடக்கை ஓர் உருளைக் கட்டையைத் தந்தியின்மேல் நகர்த்தி ஸ்வரங்களை உண்டாக்குகிறது. இக்கட்டை முன்பு கருங்காலி மரத்தாலும் எருமைக் கொம்பாலும் செய்யப்பட்டது. பிற்காலத்தில் டெஃப்லான் கட்டையும் வழக்கத்துக்கு வந்தது. பொதுவாக இவ்வாத்தியத்தில் 20 அல்லது 21 தந்திகள் இருக்கும். அவற்றுள் ஆறு வாசிப்புத் தந்திகள், மூன்று தாளத் தந்திகள். மற்றவை வாசிப்புத் தந்திகளுக்குக் கீழே ஓடி, மீட்டாமலேயே அதிரும் அனுநாதத் தந்திகள்.

ஒலிபெருக்கி அமைப்பவர் இவ்வியல்பிலிருந்து மூன்று விஷயங்களை நினைவில் கொள்ள வேண்டும்.

முதலாவது, ஒரே மீட்டில் பல ஸ்வரங்கள் ஒலிக்கின்றன. வாய்ப்பாட்டில் மூச்சு ஒலியைத் தாங்கிக்கொண்டே போகும். வயலினில் வில் அதைச் செய்யும். சித்திரவீணையில் மீட்டிய கணத்திலிருந்தே ஒலி தேயத் தொடங்குகிறது. தேய்ந்துகொண்டிருக்கும் அந்த ஒலியின்மேல்தான் கமகம் அமைகிறது. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைவது. அந்த அசைவின் பின்பாதி அரங்கின் இரைச்சலில் மறைந்துவிட்டால் கேட்பவர் காதில் விழுவது தோடியின் காந்தாரமாக இருக்காது.

இரண்டாவது, மெட்டு இல்லாததால் ஸ்வரஸ்தானத்துக்குக் காது ஒன்றே வழிகாட்டி. வீணையில் மெட்டு ஓரளவு காப்பாற்றும். சித்திரவீணையில் கட்டை ஒரு நூலளவு விலகினாலும் அபஸ்வரம்தான். எனவே வாசிப்பவர் தம் ஒலியைத் தெளிவாகக் கேட்க முடியாவிட்டால், எவ்வளவு கைத்தேர்ச்சி இருந்தாலும் சுருதி விலகும்.

மூன்றாவது, அனுநாதத் தந்திகள் ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலிக்கும் அதிரும். அதனால் இவ்வாத்தியத்தில் ஃபீட்பேக் எனப்படும் ஊளைச் சத்தம் வருவதற்கான வாய்ப்பு அதிகம்.

வரலாற்றுப் பின்னணி

ஒலிவாங்கி வருவதற்கு முன் இசை அறையின் அளவுக்கு ஏற்றதாக இருந்தது. வீணை தனம்மாள் (1867–1938) ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்க வித்துவான்களும் ரசிகர்களும் ஓசையின்றி அமர்ந்திருப்பார்கள். அந்த மென்மையான வாசிப்புக்கு அந்தச் சிறு கூடமே போதுமானதாக இருந்தது. பாடகர்கள் பெரிய கூட்டத்துக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக உயர்ந்த கட்டையில் பாடினார்கள். 1930களில் ஒலிவாங்கி கச்சேரி மேடைக்கு வரத் தொடங்கியபின் தாழ்ந்த கட்டையில் பாடுவதும் பெரிய அரங்குகளில் நிரவலாகக் கேட்பதும் சாத்தியமாயின.

கோட்டுவாத்தியத்தை மேடை வாத்தியமாகப் புகழ்பெறச் செய்தவர்களுள் திருவிடைமருதூர் சகாராம ராவ் குறிப்பிடத்தக்கவர். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் அவரிடம் பயின்றார். பின்வந்த தலைமுறையில் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் கலாக்ஷேத்திரத்தில் ஆசிரியராக இருந்தார். மின்வழி ஒலி கர்நாடக இசைக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு மேடையிலேயே விடை தந்தவர் மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014). அவர் இரட்டைத் தந்திகளுக்குப் பதிலாக ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினைக் கையாண்டு, அதில் கமகங்களை வெளிப்படுத்தினார்.

ஒலி செல்லும் பாதை

பழக்கமில்லாத அமைப்பின் முன் அமரும்போது, ஒலி எந்த வழியாகச் செல்கிறது என்பதை மனத்தில் வரைந்துகொள்வது முதல் வேலை. தந்தி, பிக்அப் அல்லது ஒலிவாங்கி, கம்பி, முன்பெருக்கி, மிக்ஸர், ஆற்றல் பெருக்கி, ஒலிபெருக்கிப் பெட்டி, அரங்கின் சுவர்கள், கேட்பவரின் காது என்பதே வரிசை. குறை எங்கே தோன்றியதோ அங்கேயே திருத்த வேண்டும். பிக்அப்பில் தொலைந்த ஒலியை மிக்ஸரில் தேடினால் கிடைக்காது. அரங்கின் சுவர் உண்டாக்கும் முழக்கத்தை வாத்தியத்தின் குறை என்று எண்ணித் தந்தியை மாற்றுவதும் வீண்.

ஒலியை எடுக்கும் முறைகள்

காற்றுவழி ஒலிவாங்கி: வாத்தியத்துக்கு முன் தாங்கியில் நிறுத்தப்படும் சாதாரண மைக். இதுவே மிக இயல்பான நாதத்தைத் தரும். ஆனால் பக்கத்தில் இருக்கும் மிருதங்கத்தையும் இது எடுத்துக்கொள்ளும். ஒலிவாங்கிக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரம் இரு மடங்கானால், திறந்த வெளியில் ஒலி அளவு 6 டெசிபெல் குறையும். எனவே ஒரு சாண் தள்ளி வைப்பதுகூடப் பெரிய மாற்றம்தான். ஒரு ஒலிவாங்கிக்கும் அதன் வாத்தியத்துக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது தள்ளி அடுத்த ஒலிவாங்கி இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கா என்பது ஒலித்துறையினர் பின்பற்றும் எளிய விதி.

காண்டாக்ட் மைக்: வாத்தியத்தின் பலகையில் ஒட்டி வைக்கப்படும் பீசோ வகைப் பிக்அப். இது மரத்தின் அதிர்வை நேரடியாக எடுக்கும். மிருதங்க ஒலி இதில் அதிகம் புகாது. ஆனால் பீசோ பிக்அப்பின் மின்தடுப்பு மிக அதிகம். அதை மிக்ஸரின் சாதாரண உள்ளீட்டில் நேராகச் சொருகினால் கீழ் ஒலிகள் இழந்து தகரம் போல ஒலிக்கும். ஒரு மெகா ஓமுக்குக் குறையாத உள்ளீடு கொண்ட முன்பெருக்கியோ, அதற்கேற்ற டி.ஐ. பெட்டியோ நடுவில் இருக்க வேண்டும். வீட்டில் நன்றாக ஒலித்த வாத்தியம் சபாவில் மட்டும் மெலிந்து ஒலிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

காந்தப் பிக்அப்: கிதாரில் இருப்பது போன்றது. இரும்புத் தந்தி அதிரும்போது காந்தப்புலத்தில் ஏற்படும் மாற்றத்தை மின்சாரமாக்கும். பித்தளை போன்ற காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகத் தந்திகளை இது ஏறக்குறைய உணர்வதே இல்லை. எனவே எஃகுத் தந்தி உரக்கவும் பித்தளைத் தந்தி மங்கலாகவும் கேட்கும். எந்தத் திருகைத் திருப்பினாலும் இந்த ஏற்றத்தாழ்வு போகாது.

காண்டாக்ட் மைக்கையும் காற்றுவழி ஒலிவாங்கியையும் சேர்த்துப் பயன்படுத்துவோரும் உண்டு. அப்போது உடலுக்கு ஒன்று, உயிர்ப்புக்கு ஒன்று என்று அளவு பிரித்துக்கொள்ளலாம்.

இருவகைத் திருகுகள்

புதிய பெருக்கியில் பலர் செய்யும் தவறு, எல்லாத் திருகுகளையும் நடுவில் வைத்துவிட்டு அதுவே நடுநிலை என்று நம்புவது. திருகுகள் இரு வகைப்படும்.

மிக்ஸரில் உள்ள திருகுகளுக்கு நடுவே சுழியம் இருக்கும். நடுவில் நின்றால் ஒலியில் எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை என்று பொருள். வலப்புறம் திருப்பினால் கூடும், இடப்புறம் திருப்பினால் குறையும்.

ஃபெண்டர் வகை மரபுவழிக் கிதார் பெருக்கிகளில் நிலைமை வேறு. அவற்றில் உள்ள பேஸ், மிட், டிரெபிள் திருகுகள் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றைத் திருப்பினால் மற்றொன்றின் செயலும் மாறும். மூன்றையும் நடுவில் வைத்தால் ஒலி நடுநிலையில் இருக்காது. நடு ஒலிகள் பள்ளமாகக் குறைந்திருக்கும். இவ்வகைப் பெருக்கியில் நடுநிலைக்கு அருகில் வர வேண்டுமானால் மிட் திருகை முழுவதும் ஏற்றி, பேஸையும் டிரெபிளையும் மிகக் குறைவாக வைத்துத் தொடங்க வேண்டும். மேலும் கிதார் பெருக்கியின் 12 அங்குல ஒலிபெருக்கி ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகத் தேய்ந்துவிடும். அனுநாதத் தந்திகளின் மினுமினுப்பு அதில் வராது. விசைப்பலகைக்கோ மரக்கிதாருக்கோ உரிய, உயர் ஒலிக்குத் தனி ஒலிபெருக்கி கொண்ட பெருக்கி கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

அதிர்வெண்களும் ஸ்தாயிகளும்

திருகின் மேல் எழுதப்பட்டிருக்கும் எண்களை ஸ்வரங்களோடு பொருத்திப் பார்த்தால் வேலை எளிதாகும். மூன்று கட்டையில், அதாவது ஈ சுருதியில், சேர்த்த சரஸ்வதி வீணையை எடுத்துக்கொள்ளலாம். சாரணித் தந்தியின் சட்ஜம் ஏறக்குறைய 165 ஹெர்ட்ஸ். அதற்கடுத்த பஞ்சமத் தந்தி 124. மந்தர சட்ஜம் 82. அனுமந்தர பஞ்சமம் 62.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். சிறிய ஒலிபெருக்கிப் பெட்டிகளால் 62 ஹெர்ட்ஸை வெளியிட இயலாது. அதன் மேல் அனுசுரங்களைக் கேட்டே காது அந்த ஸ்வரத்தை ஊகித்துக்கொள்கிறது. ஆகவே அத்தகைய பெட்டியில் பேஸ் திருகை ஏற்றுவதால் அனுமந்தரம் வராது. பெருக்கிதான் திணறும். இரண்டாவது, பல மிக்ஸர்களில் பேஸ் திருகு 80 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியையே பெரிதும் ஆளுகிறது. மேடையில் தொல்லை தரும் குடமுழக்கமோ 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் இருக்கிறது. முழக்கம் குறைய வேண்டும் என்று பேஸைக் குறைத்தால் மந்தரம் போய்விடும், முழக்கம் அப்படியே இருக்கும். குறைக்க வேண்டியது கீழ் நடு ஒலியைத்தான்.

அமைக்கும் முறை

1. எல்லாவற்றையும் சுழியத்துக்குக் கொண்டுவருதல். முந்தைய கச்சேரிக்காக வைத்த அமைப்பு மிக்ஸரில் அப்படியே இருக்கும். அது ஒரு குரலுக்கோ புல்லாங்குழலுக்கோ வைத்ததாக இருக்கலாம். அந்த வழியில் உள்ள திருகுகளை நடுநிலைக்குக் கொண்டுவந்து, ரிவெர்பை முழுவதும் அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

2. கெயினை நிறுத்துதல். ஒலி சோதனையில் பலரும் மெதுவாக ஒரு சட்ஜத்தை மீட்டிக் காட்டுவார்கள். கச்சேரியிலோ தானத்தின்போது அதைவிடப் பல மடங்கு வேகத்தில் தந்தி அடிபடும். அப்போது ஒலி உடையும். எனவே கச்சேரியில் வாசிக்கப்போகும் மிக அழுத்தமான தானப் பகுதியை முதலில் வாசித்து, சிவப்பு விளக்கு எரியாத அளவில் கெயினை நிறுத்த வேண்டும். பிறகு மிக மென்மையான ஒரு கமகத்தை வாசித்து, அதன் கடைசி அசைவு வரை கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டு எல்லைகளுக்குள்தான் முழுக் கச்சேரியும் அடங்குகிறது.

3. கச்சேரி அளவிலேயே கேட்டல். மனிதக் காது குறைந்த ஒலி அளவில் கீழ் ஸ்வரங்களைக் குறைவாகவே உணரும். ஒலி கூடும்போது அவை விரைவாக எழும். சோதனையின்போது தாழ்ந்த அளவில் இனிமையாக அமைத்த பேஸ், கச்சேரியில் ஒலியை ஏற்றியதும் முழங்கத் தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

4. கூட்டுவதற்கு முன் குறைத்துப் பார்த்தல். தெளிவு போதவில்லை என்றால் உடனே டிரெபிளை ஏற்றுவது வழக்கம். அதனால் கட்டை உரசும் ஓசையும் மீட்டு விரலின் சொடுக்கும்தான் பெரிதாகும். முதலில் 250 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைச் சிறிது குறைத்தால், மறைந்திருந்த தெளிவு தானே வெளிப்படும். தொல்லை தரும் இடம் எது எனத் தெரியாவிட்டால், நகரும் மிட் திருகைச் சற்றே ஏற்றி, அதிர்வெண்ணை மெதுவாக நகர்த்த வேண்டும். எந்த இடத்தில் ஒலி மிகவும் அருவருப்பாக மாறுகிறதோ அந்த இடத்தில் நிறுத்தி, அங்கே குறைக்க வேண்டும். அப்படி ஏற்றிப் பார்க்கும்போது மொத்த ஒலி அளவைக் கீழே வைத்திருப்பது அவசியம். இல்லாவிட்டால் ஊளை எழும்.

5. தாளத் தந்திகளைச் சோதித்தல். காண்டாக்ட் மைக் தாளத் தந்திகளுக்கு அருகில் இருந்தால் அவை வாசிப்பையே மூடிவிடும். இதைத் திருகால் சரிசெய்வது கடினம். மைக்கை இரண்டு விரற்கடை நகர்த்தி ஒட்டுவதே மருந்து.

6. மிருதங்கத்தோடு சேர்த்துக் கேட்டல். தனியாக நிறைவாக ஒலிக்கும் சித்திரவீணை, மிருதங்கத்தின் தொப்பியோடு சேர்ந்ததும் காணாமல் போகலாம். இரண்டும் ஒரே கீழ்ப்பகுதியில் மோதுவதே காரணம். அங்கே சித்திரவீணையைச் சற்று மெலிதாக்கி, நடுப்பகுதியில் இடம் தர வேண்டும். மிருதங்கத்தின் அளவைக் கேட்காமல் குறைப்பதைவிட, பக்கவாத்தியக்காரரோடு கலந்து பேசி இருவரும் சிறிது விட்டுக்கொடுப்பது மேடை மரியாதைக்கும் ஒலிக்கும் நல்லது.

7. ரிவெர்பைக் கடைசியில் சேர்த்தல். சிறிதளவு ரிவெர்ப் ஒலியின் தேய்வை மென்மையாக்கும். அதிகமானால் முந்தைய ஸ்வரம் அடுத்த ஸ்வரத்தின்மேல் படிந்து, கமகம் குழம்பும். இருக்கிறது என்று தெரிந்தாலே அது அதிகம் என்று கொள்ளலாம்.

8. வர்ணத்தின்போது மீண்டும் பார்த்தல். அரங்கில் மக்கள் நிறைந்ததும் ஒலி மாறும். மனித உடலும் உடையும் உயர் ஒலிகளை உறிஞ்சும். காலியான கூடத்தில் கூர்மையாகக் கேட்டது, நிறைந்த கூடத்தில் மங்கும். கச்சேரியின் தொடக்கத்தில் வர்ணம் வாசிக்கும் மரபு இங்கு உதவுகிறது. நம்பிக்கையான மாணவர் ஒருவரை அரங்கின் நடுவரிசையில் உட்காரவைத்து, கையசைவில் தெரிவிக்கச் சொல்லலாம்.

மானிட்டரும் சுருதிச் சுத்தமும்

மேடையில் வாசிப்பவரை நோக்கி வைக்கப்படும் சிறு பெட்டி மானிட்டர் எனப்படும். அரங்குக்குச் செல்லும் ஒலியைவிடச் சித்திரவீணைக்காரருக்கு இதுவே முக்கியம் என்று சொல்லலாம். மானிட்டரில் எல்லா வாத்தியங்களையும் கேட்க விரும்புவது இயல்பு. ஆனால் அதில் சேரும் ஒவ்வொன்றும் தம் சொந்த ஒலியை மறைக்கும். தம்பூராவும் தம் வாத்தியமும் முதலில், மற்றவை மிகக் குறைவாக என்று கேட்டுப் பெறுவது நலம். மானிட்டரில் கீழ் ஒலிகளைக் குறைத்து, நடு ஒலிகளைத் தெளிவாக வைத்தால் ஸ்வரஸ்தானம் துல்லியமாகத் தெரியும். அது அழகாகக் கேட்க வேண்டிய தேவையில்லை.

சுருதி விலகுவதாகத் தோன்றும்போது பல இளம் கலைஞர்கள் தம் கையைச் சந்தேகித்து மனம் தளர்வதுண்டு. முழக்கமான மானிட்டரில் யாருக்கும் ஸ்வரஸ்தானம் பிடிபடாது என்பதை ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

ஃபீட்பேக்

ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்து சுழன்று பெருகுவதே ஃபீட்பேக். மேடை ஒலிவாங்கிகளில் பெரும்பாலானவை இதயவடிவ வகை. அவை முன்புறம் நன்றாகவும் பின்புறம் மிகக் குறைவாகவும் கேட்கும். எனவே மானிட்டரை ஒலிவாங்கியின் நேர்பின்னால் வைக்க வேண்டும். காண்டாக்ட் மைக் பயன்படுத்தும்போது ஒலி வாத்தியத்தின் குடத்தையே அதிரச் செய்து சுழலும். அப்போது மானிட்டரைக் குடத்தை நோக்கி வைக்காமல் வாசிப்பவரின் காதை நோக்கித் திருப்பி வைக்கலாம். மேடைப்பலகை வழியாக அதிர்வு ஏறுவதைத் தடுக்க, வாத்தியத்தின் கீழ் தடித்த ஜமக்காளம் விரிப்பது எளிய, பயனுள்ள வழி.

அரங்குகளின் வேறுபாடு

தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் உள்ள அரங்குகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. டி.டி.கே. சாலையில் உள்ள மியூசிக் அகாதெமியின் அரங்கம் 1962இல் திறக்கப்பட்ட பெரிய கூடம். அங்கு மேடையில் கேட்பதும் மாடியில் கேட்பதும் வேறுவேறு. லஸ் பகுதியில் உள்ள ராகசுதா அரங்கம் போன்ற சிறு கூடங்களில் வாத்தியத்தின் நேரடி ஒலியே பாதி வேலையைச் செய்துவிடும். ஒலிபெருக்கி அங்குத் துணை மட்டுமே. தியாகராய நகர் வாணி மகாலில் ஒரே வளாகத்தில் பெரிய அரங்கும் சிறிய அரங்கும் உள்ளன. ஒன்றில் பொருந்திய அமைப்பை மற்றொன்றில் அப்படியே வைக்க முடியாது. திருவான்மியூரில் உள்ள கலாக்ஷேத்திர அரங்கம் கூத்தம்பல பாணியில் அமைந்தது.

கோயில் வெளிப்பிராகாரங்களிலும் தெருவோரப் பந்தல்களிலும் சுவர் இல்லாததால் எதிரொலி இல்லை. ஒலி வறண்டும் கீழ் ஸ்வரங்கள் கரைந்தும் கேட்கும். அங்கு மட்டும் பேஸையும் ரிவெர்பையும் வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டலாம். இதற்கு நேர்மாறாக, மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் மைக் இல்லாத கச்சேரிகளும் நடந்துள்ளன. அவற்றைக் கேட்டவர்களுக்கு, ஒலிபெருக்கி எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது தெளிவாகப் புரியும்.

மைக்காரரிடம் பேசும் மொழி

சபாவின் மிக்ஸரை இயக்குபவர் அந்தக் கூடத்தை ஆண்டு முழுவதும் கேட்டவர். வாத்தியத்தை அறிந்தவர் கலைஞர். இருவருக்கும் பொதுவான சொற்கள் இல்லாததால்தான் பெரும்பாலான மனத்தாங்கல்கள் எழுகின்றன. “சவுண்ட் சரியில்லை” என்பது எந்த உதவியும் செய்யாத வாக்கியம். கீழ்க்கண்ட ஒப்புமைகள் பயன்படும்.

- குடத்துக்குள் பேசுவது போல் இருக்கிறது: 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை அதிகம்.
- மூக்கடைத்தது போல் இருக்கிறது: 800 முதல் 1,000 ஹெர்ட்ஸை ஒட்டி அதிகம்.
- காதைக் குத்துகிறது: 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை அதிகம்.
- கட்டை உரசுவது மட்டும் கேட்கிறது: 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம்.
- தகரம் தட்டுவது போல் இருக்கிறது: கீழ் ஒலி போதவில்லை. பிக்அப் இணைப்பை முதலில் பார்க்க வேண்டும்.

கச்சேரிக்கு முன் மிக்ஸர் இருக்கும் இடத்துக்கே சென்று வணக்கம் சொல்லி, “அண்ணா, இதில் ஒரே மீட்டில் நான்கு ஸ்வரம் வரும், கடைசி ஸ்வரம் உங்களுக்குக் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொன்னால், அரை மணி நேரம் மேடையிலிருந்து கை காட்டுவதைவிட அதிகப் பலன் கிடைக்கும்.

பெடல் ஸ்டீல் கிதாருடன் ஒப்பீடு

அமெரிக்க நாட்டுப்புற இசையில் புகழ்பெற்ற பெடல் ஸ்டீல் கிதார் சித்திரவீணைக்கு நெருங்கிய ஒப்புமை உடையது. அதிலும் மெட்டு இல்லை. உருண்டை எஃகுக் கட்டை தந்தியின்மேல் வழுக்கிச் செல்கிறது. காலால் மிதிக்கும் பெடல்களும் முழங்கால் நெம்புகோல்களும் வாசிக்கும்போதே தந்தியின் சுருதியை மாற்றுகின்றன. 1954இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற பாடலில் பட் ஐசக்ஸ் வாசித்தபின் இது பரவலாயிற்று. ஹவாயன் கிதார் வழி வந்த இந்தக் குடும்பத்தின் மற்றொரு கிளையே இந்தியாவில் விசுவமோகன் பட் உருவாக்கிய மோகனவீணை.

பெடல் ஸ்டீல் வாசிப்பவர்களும் பழக்கமில்லாத பெருக்கியின் முன் இதே சிக்கலைச் சந்திக்கிறார்கள். அவர்கள் விரும்புவது உடையாத தூய ஒலி. அதற்காக அதிக ஆற்றலுள்ள பெருக்கியைக் குறைந்த அளவில் பயன்படுத்துகிறார்கள். 800 ஹெர்ட்ஸை ஒட்டிய நடு ஒலியைக் குறைப்பது அவர்களிடையே வழக்கம். தேயும் ஒலியைத் தாங்க, காலால் இயக்கும் வால்யூம் பெடலைப் பயன்படுத்தி, மீட்டியபின் மெல்ல ஒலியை ஏற்றுகிறார்கள்.

இவற்றுள் முதல் இரண்டும் சித்திரவீணைக்கு உதவும். மூன்றாவதைக் கவனத்துடன் ஏற்க வேண்டும். தேயும் ஒலியை ஏற்றும்போது தாளத் தந்திகளின் ஒலியும் மேடை இரைச்சலும் சேர்ந்தே ஏறும். மீட்டின் வலிமை குறைந்துகொண்டே போவதும் அவ்வாத்தியத்தின் அழகில் ஒரு பகுதி. கம்ப்ரெசர் எனப்படும் ஒலிச்சமனியைப் பயன்படுத்தும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கருத்து வேறுபாடுகள்

காண்டாக்ட் மைக் வீணை இனத்தின் நாதத்தை மாற்றிவிடுகிறது, மரத்தின் ஒலி போய் உலோகத்தின் ஒலி மிஞ்சுகிறது என்பது ஒரு சாராரின் கருத்து. மிருதங்கம், கடம் ஆகியவற்றோடு பெரிய அரங்கில் வாசிக்கும்போது அது இல்லாவிட்டால் வாத்தியமே கேட்காது, கேட்காத வாத்தியத்தைக் கற்க யாரும் முன்வரமாட்டார்கள் என்பது மறுசாராரின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. காண்டாக்ட் மைக்கைப் பற்றிய குறைகளில் கணிசமானவை, பொருந்தாத உள்ளீட்டில் அதைச் சொருகுவதாலும் அளவுக்கு மீறி ஒலியை ஏற்றுவதாலும் வருபவை.

மின் பாதுகாப்பு

இந்தியாவில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். நிலத்தொடர்பு சரியில்லாதபோது 50, 100, 150 ஹெர்ட்ஸ்களில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் எழும். அந்த இரைச்சலை நிறுத்துவதற்காகப் பிளக்கில் உள்ள எர்த் முனையை உடைப்பதோ துண்டிப்பதோ உயிருக்கே ஆபத்தானது. வாசிப்பவரின் கை உலோகத் தந்தியின்மேல் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. பெருக்கியையும் மிக்ஸரையும் ஒரே மின்வழியில் இணைப்பது, டி.ஐ. பெட்டியில் உள்ள நிலத்தொடர்பு விசையைப் பயன்படுத்துவது ஆகியவையே முறையான வழிகள்.

உடன் கொண்டுசெல்ல வேண்டியவை

சொந்தக் கம்பி இரண்டு, முன்பெருக்கி அல்லது டி.ஐ. பெட்டி, அதற்கான புதிய 9 வோல்ட் பேட்டரி, மைக் ஒட்டும் பசை, துணி நாடா, உபரித் தந்திகள் ஆகியவை ஒரு சிறு பையில் எப்போதும் இருக்க வேண்டும். கம்பி, இணைப்பான் போன்றவை ரிச்சி தெருக் கடைகளில் கிடைக்கும். ஒவ்வோர் அரங்கிலும் இறுதியில் பொருந்திய அமைப்பை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு அதே மேடையில் பாதி நேரம் மிச்சமாகும். எழுத வேண்டியவை நான்கு: அரங்கின் பெயர், எந்த மைக், எதைக் குறைத்தது, மானிட்டர் எங்கே இருந்தது.

நேரம் மிகக் குறைவாக இருந்தால் மூன்றை மட்டுமாவது செய்ய வேண்டும். பழைய அமைப்பை அழித்துச் சுழியத்துக்குக் கொண்டுவருதல், தானம் வாசித்துக் கெயினை நிறுத்துதல், மானிட்டரில் தம்பூராவும் தம் வாத்தியமும் தெளிவாகக் கேட்கும்படி செய்தல். மற்றவற்றை வர்ணம் முடிவதற்குள் சரிசெய்துகொள்ளலாம்.